வைரல் பதிவுக்கு முன்னாலும் பின்னாலும் நடப்பவை

கேள்வி இது: சோப்பு, பிஸ்கட், குளிர்பானம் மாதிரியான நுகர்பொருள் பிராண்டுகள் தங்கள் விளம்பரப் பிரசாரங்களில் சமூக ஊடகத்தை எப்படிப் பயன்படுத்துகின்றன? கூடவே ஒரு துணைக்கேள்வியும் இருக்கிறது. நல்ல பதிவு ஒன்று வைரல் ஆகிவிட்டால் டிவி விளம்பரச் செலவை மிச்சப்படுத்திவிடலாம்தானே?

துணைக்கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். பெரும்பாலும் மிச்சப்படுத்த முடியாது. முயன்று பார்த்த பெரிய பிராண்டு ஒன்று கையைச் சுட்டுக்கொண்டது. அந்தக் கதை கீழே வரும். வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரிவது பதிவு மட்டும்தான். அதற்கு முன்னால் நடந்த தயாரிப்பும் பின்னால் ஓடும் பணமும் கண்ணில் படுவதில்லை. அதனால்தான் யாரோ ஒரு கெட்டிக்காரப் பையன் ஒரு ட்வீட் போட்டான், பிராண்டு எங்கேயோ போய்விட்டது என்கிற மாதிரிக் கதைகள் இவ்வளவு சுலபமாகப் பரவுகின்றன.

அந்தக் கதைக்கு எல்லாரும் காட்டும் சாட்சி ஓரியோ. 2013 பிப்ரவரி 3ஆம் தேதி, அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் நியூ ஆர்லியன்ஸில் நடந்துகொண்டிருந்தபோது மைதானத்தில் கரண்ட் போய்விட்டது. சுமார் 34 நிமிடம் ஆட்டம் நின்றது. அந்த இடைவெளியில், இருட்டிலும் பிஸ்கட்டைப் பாலில் தோய்த்துச் சாப்பிடலாமே என்கிற பொருளில் ஒரு வரியையும் ஒரு படத்தையும் ஓரியோ ட்விட்டரில் போட்டது. ஆயிரக்கணக்கானவர்கள் பகிர்ந்தார்கள். பல கோடி கொட்டி எடுத்த டிவி விளம்பரங்களை விட்டுவிட்டுப் பத்திரிகைகள் இதைப் பற்றி எழுதின.

சரி, அந்த நேரத்தில் அதைப் போட முடிந்தது எப்படி? அன்று இரவு விளம்பர ஏஜென்சியின் எழுத்தாளர்கள், வடிவமைப்பாளர்களோடு பிராண்டின் பொறுப்பாளர்களும் ஒரே அறையில் உட்கார்ந்து ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சரி என்று சொல்லும் அதிகாரம் உள்ளவரே பக்கத்தில் இருந்தார். இந்தத் துறையில் பழகியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். பெரிய நிறுவனங்களில் ஒரு சாதாரணப் பதிவுகூட பிராண்டு மேலாளர், சட்டப்பிரிவு, மக்கள் தொடர்புப் பிரிவு என்று மேசை மேசையாக நகர்ந்து வெளியே வர நாள்கணக்காகும். அதற்கு முந்தைய ஆண்டு, ஓரியோவின் நூற்றாண்டை ஒட்டி, 100 நாளைக்குத் தினம் ஒரு செய்தியை வைத்து ஒரு பிஸ்கட் படம் என்று அதே மாதிரி வேலையைச் செய்து பழகியிருந்தார்கள். போதாததற்கு, அதே ஆட்டத்தில் ஓரியோ காசு கொடுத்து டிவி விளம்பரமும் ஓட்டியது. அந்த விளம்பரம் பார்த்தவர்களை இன்ஸ்டாகிராமுக்குப் போய்ப் பிஸ்கட் கட்சியா, கிரீம் கட்சியா என்று சொல்லக் கூப்பிட்டது. ட்வீட்டுக்குத் தனியாகச் செலவு ஆகவில்லைதான். அந்த இரவுக்கு ஆன செலவு கொஞ்சநஞ்சம் இல்லை.

ஆக, முதல் பதில்: பிராண்டுகள் சமூக ஊடகத்தைப் பெரும்பாலும் மற்ற ஊடகங்களோடு சேர்த்தே ஓட்டுகின்றன. டிவி, பேக்கேஜிங், கடை அலமாரி, தள்ளுபடி, சமூக ஊடகம் எல்லாம் ஒரே யோசனையைப் பிடித்துக்கொண்டு இழுக்கும்.

இரண்டாவது விஷயம் பணம். ஒரு பக்கம் தொடங்கி, லட்சக்கணக்கில் ஃபாலோயர்களைச் சேர்த்துவிட்டால் அவர்களிடம் இலவசமாகப் பேசிக்கொண்டே இருக்கலாம் என்று 2010 வாக்கில் நிறையப் பேர் நம்பினார்கள். ஓகில்வி விளம்பர நிறுவனம் நூற்றுக்கும் மேற்பட்ட பிராண்டுகளின் ஃபேஸ்புக் பக்கங்களை ஆராய்ந்து 2014இல் ஒரு கணக்கு வெளியிட்டது. 2013 அக்டோபரில் ஒரு பதிவு அந்தப் பக்கத்தின் ஃபாலோயர்களில் சுமார் 12 சதவீதம் பேரை எட்டியது. 2014 பிப்ரவரியில் அது 6 சதவீதமாகிவிட்டது. 2018 ஜனவரியில் ஃபேஸ்புக் நண்பர்கள், குடும்பத்தினரின் பதிவுகளுக்கு முன்னுரிமை தருவதாக அறிவித்ததும் பிராண்டு பக்கங்கள் இன்னும் கீழே தள்ளப்பட்டன. தளக்காரர்களைக் குறை சொல்வதில் அர்த்தம் இல்லை. விளம்பரம் விற்பதுதான் அவர்கள் தொழில். இன்றைக்குப் பிரசாரப் பதிவு என்றால் அதற்கு ஒரு மீடியா பட்ஜெட் உண்டு என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பட்ஜெட்டில் பெரும்பகுதி போகும் விளம்பரங்களை பிராண்டின் பக்கத்தில் தேடினாலும் கிடைக்காது. குறிப்பிட்ட ஆட்களின் ஃபீடில் மட்டும் தோன்றும் இவற்றை டார்க் போஸ்ட் என்பார்கள். ஒரே ஷாம்பூவுக்கு இருபது முப்பது விதமான படம், வாசகம், வீடியோ தயாரித்து, சின்னத் தொகைக்கு ஓட்டிப் பார்த்து, எடுபடுவதற்குப் பணத்தைக் கூட்டி, எடுபடாததை நிறுத்துவார்கள். பக்கத்தில் நாம் பார்க்கும் அழகான பதிவுகள் கடைவாசலில் கட்டிய தோரணம் மாதிரி. வியாபாரம் உள்ளே நடக்கிறது.

இனி, மக்கள் தாங்களாகவே எடுத்துப் பரப்பும் பிரசாரங்கள். இவை அரிதுதான், ஆனாலும் இருக்கின்றன. இந்தக் கேள்வியில் எனக்குப் பிடித்த பகுதியும் இதுதான். இவற்றில் வெற்றி பெற்ற பலவற்றை வைத்துப் பார்த்தால் ஒரு பொதுவான குணம் தெரிகிறது. பகிர்பவர் பிராண்டைப் பற்றிப் பேசுவதில்லை. தன்னைப் பற்றிப் பேசுகிறார். பிராண்டு அதில் ஒரு ஓரமாக இருக்கிறது.

கோக் 2011இல் ஆஸ்திரேலியாவில் செய்தது இதற்கு நல்ல உதாரணம். அந்த நாட்டில் அதிகம் புழங்கும் 150 பெயர்களை எடுத்துத் தன் லோகோ இருக்கும் இடத்தில் அச்சடித்தது. தன் பெயர் போட்ட பாட்டிலைக் கண்டவர் அதைப் படம் பிடித்துப் போட்டார். நண்பன் பெயர் கண்ணில் பட்டால் அவனுக்கு டேக் செய்தார். பெயர் கிடைக்காதவர்கள் கிடைக்கவில்லை என்று புலம்பியதும் விளம்பரம்தான். சுமார் 2.3 கோடிப் பேர் உள்ள நாட்டில் பெயர் அச்சிட்ட 25 கோடிக்கும் மேற்பட்ட பாட்டில்களும் கேன்களும் விற்றதாக நிறுவனம் சொன்னது. பிறகு அது 70க்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போனது. இதில் சமூக ஊடகத்துக்கென்று எழுதப்பட்ட பதிவுகளின் பங்கு சின்னது. பாட்டிலை மாற்றியதுதான் பெரிய வேலை: அச்சு இயந்திரங்கள், விநியோகம், எந்தப் பெயர் எத்தனை என்கிற கணக்கு. சமூக ஊடகக் குழு மட்டும் உட்கார்ந்து யோசித்திருந்தால் ஒரு ஹேஷ்டேக்கோடு நின்றிருக்கும்.

பாட்டுக் கேட்கும் செயலியான ஸ்பாட்டிஃபை ஆண்டு முடிவில் ஒவ்வொருவருக்கும் தரும் 'ராப்ட்' இதே வகை. நீ இந்த ஆண்டு எந்தப் பாட்டையெல்லாம் கேட்டாய் என்று உன் கணக்கையே அழகான அட்டைகளாக்கித் தருகிறது. ஜனங்கள் அதைப் போட்டிபோட்டுக்கொண்டு பகிர்கிறார்கள். ஒவ்வொரு அட்டையும் ஒரு விளம்பரம், அதைப் போடும் ஆளுக்குச் சம்பளம் கிடையாது. தன் ரசனையைக் காட்டிக்கொள்ளக் கிடைத்த வாய்ப்பே போதுமானதாக இருக்கிறது.

ஓல்ட் ஸ்பைஸ் வேறு வழியில் போனது. ஆண்களுக்கான குளியல் திரவத்தைப் பல வீடுகளில் வாங்கிப் போடுவது பெண்கள் என்பதால், 2010 பிப்ரவரியில் வந்த அதன் டிவி விளம்பரம் நேராகப் பெண்களைப் பார்த்துப் பேசியது. ஜூலையில், அந்த விளம்பரத்தில் வந்த நடிகர் ஐசையா முஸ்தஃபாவைக் குளியலறை செட்டில் நிற்க வைத்து, இணையத்தில் ஜனங்கள் கேட்ட கேள்விகளுக்குப் பெயர் சொல்லிப் பதில் வீடியோக்கள் எடுத்தார்கள். இரண்டரை நாளில் 186 வீடியோக்கள். எழுத்தாளர்கள் எழுத எழுத அவர் பேசிக்கொண்டே போனார். ஒருவருக்குத் தன் ட்வீட்டுக்கு அந்த ஆளே பதில் சொல்கிற வீடியோ கிடைத்தால் சும்மா இருப்பாரா? டிவி விளம்பரம் முன்பே அந்தப் பாத்திரத்தை எல்லாருக்கும் அறிமுகம் செய்திருக்காவிட்டால் இந்த 186ம் எடுபட்டிருக்காது. இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். விற்பனை ஏறியது உண்மைதான், ஆனால் அதே சமயத்தில் தள்ளுபடிக் கூப்பன்களும் தாராளமாகப் புழங்கின. எது எவ்வளவு ஏற்றியது என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். வெற்றிக்கதைகளைச் சொல்பவர்கள் கூப்பனை மறந்துவிடுவார்கள்.

அப்புறம் இன்ஃப்ளூயன்சர்கள். இன்று பல அழகுசாதன, உடை பிராண்டுகளுக்குப் பிரசாரம் என்றாலே இவர்கள்தான். நடைமுறை பல தினுசு. சிலருக்குப் பொருளை இலவசமாக அனுப்பிவிட்டுப் பேசாமல் இருப்பார்கள், பிடித்தால் போடுவார். சிலருக்குப் பதிவுக்கு இவ்வளவு என்று ஒப்பந்தம். சிலருக்கு ஒரு தள்ளுபடிக் குறியீடு கொடுத்து, அதில் வரும் விற்பனைக்குக் கமிஷன். கடைசியாகச் சொன்னது கணக்குப் பார்க்க வசதியானது. எந்த ஆள் எவ்வளவு விற்றார் என்று தெரிந்துவிடும். இப்போது அதிகம் நடப்பது இன்னொன்று: இன்ஃப்ளூயன்சர் போட்ட பதிவையே, அவர் பெயரிலேயே, பிராண்டு காசு கட்டி விளம்பரமாக ஓட்டுவது. பார்ப்பவருக்கு அது ஒரு ஆளின் பேச்சாகத் தெரியும். யாருக்குக் காட்டுவது என்பதை பிராண்டு முடிவு செய்யும்.

இதில் கோடு எங்கே தாண்டப்படுகிறது என்பதற்கு லார்ட் அண்ட் டெய்லர் என்ற அமெரிக்கக் கடை நிறுவனத்தின் வழக்கு போதும். 2015 மார்ச்சில் ஒரே ஒரு உடையை 50 ஃபேஷன் இன்ஃப்ளூயன்சர்களுக்குக் கொடுத்து, ஆளுக்கு 1,000 முதல் 4,000 டாலர் வரை தந்து, குறித்த வார இறுதியில் இன்ஸ்டாகிராமில் போடச் சொன்னது. பதிவுகளை முன்கூட்டியே பார்த்து அனுமதித்தது. எந்த டேக் போட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. காசு வாங்கிக்கொண்டு போடுகிறேன் என்று சொல்ல வேண்டும் என்பது மட்டும் இல்லை. பதிவுகள் 1 கோடிக்கும் மேற்பட்டவர்களை எட்டின, உடை விற்றுத் தீர்ந்தது. வணிக ஒழுங்குமுறை அமைப்பான எஃப்டிசி பிடித்துக்கொண்டது. 2016இல் இனி அப்படிச் செய்வதில்லை என்று நிறுவனம் சமரசம் செய்துகொண்டது. அமெரிக்கா, பிரிட்டன், இந்தியா என்று பல நாடுகளில் இப்போது கட்டணப் பதிவு என்று தெளிவாகச் சொல்ல வேண்டும் என்கிற விதிகள் இருக்கின்றன. முப்பது ஹேஷ்டேக்குக்கு நடுவில் ஒளித்து வைப்பது சொன்னதாக ஆகாது.

சொதப்பல்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதைப் பற்றித் தேவைக்கு மேலேயே எழுதப்பட்டுவிட்டது. 2012 ஜனவரியில் மெக்டொனால்ட்ஸ் தன் கதைகளைச் சொல்ல ஒரு ஹேஷ்டேக்கைக் காசு கொடுத்து முன்னிறுத்தியது. ஜனங்கள் அதில் தங்கள் மோசமான அனுபவங்களைக் கொட்டினார்கள். இரண்டு மணி நேரத்துக்குள் விளம்பரத்தை இழுத்துக்கொண்டார்கள். ஆனால் அந்த ஹேஷ்டேக், அன்றைக்கு ட்விட்டரில் அந்த பிராண்டைப் பற்றி நடந்த மொத்தப் பேச்சில் சுமார் 2 சதவீதம்தான் என்று நிறுவனம் சொன்னது. செய்தியாகப் படித்தவர்கள்தான் அதிகம். இதைவிடக் கவலைப்பட வேண்டிய வகை டிஜியார்னோ பீட்சா 2014இல் செய்தது. குடும்ப வன்முறையில் சிக்கிய பெண்கள் தாங்கள் ஏன் விலகாமல் இருந்தோம் என்று சொல்லிக்கொண்டிருந்த ஹேஷ்டேக்கில், அது என்ன என்று படிக்காமலே, பீட்சா ஜோக் அடித்தது. ட்ரெண்டிங்கில் இருப்பதில் ஏறிக்கொள்வது என்கிற பழக்கம் ஒரு நாள் இதில்தான் கொண்டுபோய் விடும். உடனே அழித்துவிட்டு, புகார் செய்தவர்களிடம் தனித்தனியாக மன்னிப்புக் கேட்டார்கள். செய்தது சரிதான்.

இப்போது முன்பு சொன்ன கையைச் சுட்டுக்கொண்ட கதை. 2010இல் பெப்சி, 23 ஆண்டுகளில் முதல்முறையாக சூப்பர் பவுலில் தன் கோலாவுக்கு விளம்பரம் செய்யாமல் ஒதுங்கியது. அதற்குப் பதிலாக ரிஃப்ரெஷ் ப்ராஜெக்ட் என்று 2 கோடி டாலர் ஒதுக்கி, சமூகத்துக்கு நல்லது செய்யும் யோசனைகளை ஜனங்களே முன்வைத்து, ஜனங்களே ஓட்டுப் போட்டு, ஜெயித்தவற்றுக்கு நிதி கொடுப்பது என்று இறங்கியது. சமூக ஊடகக் கண்ணோடு பார்த்தால் இது பிரமாதமான வெற்றி. 8 கோடிக்கு மேல் ஓட்டுகள், லட்சக்கணக்கில் லைக்குகள். ஆனால் அதே ஆண்டு அமெரிக்கச் சந்தையில் பெப்சி இரண்டாம் இடத்திலிருந்து மூன்றாம் இடத்துக்கு இறங்கியது. டயட் கோக் முந்திக்கொண்டது. பள்ளிக்கூடத்துக்கு நிதி வேண்டும் என்று ஓட்டுப் போட்டவர் பள்ளிக்கூடத்தைத்தான் நினைத்தார். குளிர்பானம் வாங்க வேண்டும் என்று அவருக்குத் தோன்ற அந்தப் பிரசாரம் ஒரு காரணமும் தரவில்லை. அந்தச் சரிவுக்கு வேறு காரணங்களும் இருந்திருக்கலாம். ஆனால் லைக்கும் விற்பனையும் எதிரெதிர்த் திசையில் போக முடியும் என்பதை இதைவிடப் பெரிய செலவில் யாரும் நிரூபித்ததாக எனக்குத் தெரியவில்லை.

எதிர் உதாரணமும் உண்டு, அதை மறைப்பது நியாயம் இல்லை. ஷேவிங் ரேசர் விற்கும் டாலர் ஷேவ் கிளப் 2012 மார்ச்சில் சுமார் 4,500 டாலர் செலவில் எடுத்த ஒரு வேடிக்கை வீடியோவுக்கு முதல் இரண்டு நாளில் 12,000 ஆர்டர்கள் வந்தன. 2016இல் யூனிலீவர் அந்த நிறுவனத்தையே வாங்கியது. விலை 100 கோடி டாலர் என்று செய்தி வந்தது. ஆனால் அவர்கள் விற்றது சந்தாவில், நேரடியாக இணையத்தில். வீடியோ பார்த்த இடத்திலிருந்து ஒரு கிளிக்கில் வாங்கிவிடலாம். யாருக்கும் தெரியாத பிராண்டு என்பதால் தெரியவந்ததே லாபம். வளர்ந்த பிறகு அவர்களும் டிவி விளம்பரத்துக்குத்தான் போனார்கள். கடை அலமாரியில் இருக்கும், ஏற்கெனவே எல்லாருக்கும் தெரிந்த சோப்புக்கு இந்த இரண்டு வசதியும் கிடையாது.

கடைசியாக அளவீடு. பட்ஜெட் வைத்திருப்பவர்கள் இரவில் தூங்காமல் யோசிப்பது இதைத்தான். தளங்கள் தரும் எண்களை அப்படியே நம்பக்கூடாது என்பதற்கு ஃபேஸ்புக்கே சாட்சி. வீடியோவைச் சராசரியாக எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்ற கணக்கில், 3 விநாடிக்கும் குறைவாகப் பார்த்தவர்களைச் சேர்க்காமல் விட்டதால் இரண்டு ஆண்டுகளாக எண் 60 முதல் 80 சதவீதம் வரை ஊதித் தெரிந்தது என்று 2016இல் அது ஒப்புக்கொண்டது. 2021 ஏப்ரலில் ஆப்பிள், ஐபோனில் பின்தொடர்ந்து கண்காணிக்க ஆப்கள் அனுமதி கேட்க வேண்டும் என்று கொண்டுவந்ததும், விளம்பரம் பார்த்தவர்தான் வாங்கினாரா என்று கண்டுபிடிப்பது இன்னும் சிக்கலாகிவிட்டது.

குறிபார்த்துக் காட்டுவது எப்போதும் லாபம் என்கிற நம்பிக்கையும் ஆட்டம் கண்டது. ப்ராக்டர் அண்ட் கேம்பிள் தன் ஃபெப்ரீஸ் என்ற நறுமணப் பொருளுக்கு, நாய் பூனை வளர்ப்பவர்கள், பெரிய குடும்பங்கள் என்று ஃபேஸ்புக்கில் குறிவைத்து விளம்பரம் செய்தது. தர்க்கப்படி சரியான ஆட்கள். விற்பனை நகரவில்லை. 18 வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் காட்டு என்று விரித்ததும் ஏறியது. சோப்பு, வாசனை மாதிரியான பொருள்களை எப்போதாவது ஒருமுறை வாங்குபவர்கள் ஏராளம். குறுக்கிக் குறுக்கிக் காட்டினால் அவர்கள் எல்லாரும் வெளியே நின்றுவிடுகிறார்கள்.

இதற்கெல்லாம் நேர்மையான பரிசோதனை ஒன்றுதான்: சில ஊர்களில் அல்லது சில ஆட்களுக்கு விளம்பரத்தை நிறுத்திவிட்டு, மற்றவர்களோடு விற்பனையை ஒப்பிடுவது. ஏஜென்சிகள் இதை விரும்பிப் பரிந்துரைப்பதைப் பார்த்ததில்லை. விளம்பரம் ஒன்றும் செய்யவில்லை என்று முடிவு வந்தால் அவர்கள் பாடுதான் திண்டாட்டம். ப்ராக்டர் அண்ட் கேம்பிள் இதை இப்படி ஒப்பிட்டுப் பார்க்கும் சோதனையாகச் செய்யாமல் முரட்டுத்தனமாகவே செய்து பார்த்தது. 2017 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டில் டிஜிட்டல் விளம்பரத்தில் 10 கோடி டாலருக்கு மேல் வெட்டியது. வளர்ச்சி குறைந்ததாகத் தெரியவில்லை என்று அதன் நிதித் தலைவர் சொன்னார். அந்த ஆண்டு முழுவதும் வெட்டியது 20 கோடி டாலர் என்றும், அந்தப் பணத்தை வேறு ஊடகங்களில் போட்டதில் 10 சதவீதம் கூடுதலானவர்களை எட்டியதாகவும் அடுத்த ஆண்டு அதன் சந்தைப்படுத்தல் தலைவர் மார்க் பிரிச்சர்ட் சொன்னார். தங்கள் மொபைல் விளம்பரங்களை ஜனங்கள் சராசரியாக எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்றும் அவர்கள் கணக்கெடுத்திருந்தார்கள்: 1.7 விநாடி.